ஈம் கிராமத்து ஆலயமும் இரண்டு மேய்ப்பர்களும்



 கடந்த நான்கு வாரங்களாக இந்தத் தியானப் பகுதி வெளிவரவில்லை. இங்கிலாந்து நாட்டின் ஷெஃபீல்டு நகரில் செவிலியாகப் பணிசெய்யும் எங்கள் மகளைக் காண நானும் என் மனைவியும் சென்றிருந்ததை நீங்கள் அறிவீர்கள். நாங்கள் சுகமாய்ப் போய்த் திரும்ப நீங்கள் ஏறெடுத்த ஜெபங்களுக்காக முதலாவது நன்றி சொல்லுகிறேன்.

திரும்பி வந்த நாள்முதல் உங்களில் அநேகர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, அங்கே உள்ள பெரிய ஆலயங்களையெல்லாம் பார்த்தீர்களா?" பார்த்தோம். யார்க் நகரத்துப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குக் கீழே நின்று பேச்சற்றுப்போனோம். ஆனால் ஊர் திரும்பிய பின்பும் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறோர் ஆலயம். அது ஒரு மலையோரக் கிராமத்தின் ஆலயம். அதைக் குறித்தும், அது என்னிடம் கேட்ட கணக்கைக் குறித்தும் இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஊரின் நடுவே ஓர் ஆலயம்

ஷெஃபீல்டிலிருந்து தென்மேற்கே பேருந்தில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் நகரத்தின் சந்தடி மறைந்துவிடுகிறது. மேடும் பள்ளமுமான புல்வெளிகள், அவற்றைப் பிரிக்கும் சுண்ணாம்பு பூசாத கற்சுவர்கள், ஆங்காங்கே மேயும் ஆட்டு மந்தைகள். பீக் டிஸ்ட்ரிக்ட் என்று அழைக்கப்படும் இந்த மலைப்பகுதியில், டெர்பிஷயர் மாவட்டத்தில், ஈம் என்னும் கிராமம் இருக்கிறது. தமிழ்ச் செவிக்கு அந்தப் பெயர் சற்று உறுத்தும். ஈமம் என்றால் நமக்குச் சுடுகாடு. ஈமச் சடங்கு என்றால் இறுதிச் சடங்கு. உண்மையில் அந்தப் பெயர் பழைய ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அந்தக் கிராமத்தின் வரலாற்றை அறிந்தபின், இரண்டு பொருளும் அதற்குப் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றியது.

ஊரின் நடுவே புனித லாரன்ஸ் ஆலயம் நிற்கிறது. அளவில் பெரியது அல்ல. நம்முடைய பழைய சேகரங்களில் உள்ள ஆலயங்களைப்போல, கல்லறைகள் சூழ, மரங்களின் நிழலில் அமைதியாக இருக்கிறது. முற்றத்தில் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிலுவை ஒன்று உண்டு. அதன் தண்டில் ஒரு பகுதி காலப்போக்கில் காணாமற்போய்விட்டது. ஆகவே அது சற்றுக் குள்ளமாகத் தெரிகிறது. ஆயினும் அதன் தலைப்பகுதி முழுமையாக இருக்கிறது. இப்போதுள்ள ஆலயக் கட்டடத்துக்கு மூத்தது அந்தச் சிலுவை. தென்புறச் சுவரில் 1775 என்று ஆண்டு பொறித்த சூரியக் கடிகாரம் பதிக்கப்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் பார்க்கத் தக்கவைதாம். ஆனால் அங்கு வருகிறவர்கள் இவற்றைத் தேடி வருவதில்லை. ஆலயத்துக்குள் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. 1665 செப்டம்பர் முதல் 1666ஆம் ஆண்டின் பிற்பகுதிவரை இந்த ஊரில் கொள்ளைநோயால் இறந்தவர்களின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. என் மகள் அதற்கு முன்னே நின்று விரலால் ஒவ்வொரு பெயராகத் தொடர்ந்து போனாள். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, ஐந்து முறை, ஏழு முறை வருவதைக் கண்டு அவள் விரல் நின்றுவிட்டது. செவிலி அல்லவா? அந்தப் பட்டியலின் பொருளை அவள் என்னைவிட விரைவாக உணர்ந்துகொண்டாள்.

துணிமூட்டையில் வந்த மரணம்

1665ஆம் ஆண்டு லண்டன் மாநகரம் பிளேக் நோயால் வாடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டின் கோடை முடிவில், ஈம் கிராமத்துத் தையற்காரர் அலெக்சாண்டர் ஹேட்ஃபீல்டு என்பவருடைய வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிமூட்டை வந்து சேர்ந்தது. அவருடைய உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ், ஈரமாயிருந்த அந்தத் துணிகளைப் பிரித்து நெருப்பருகே உலரப் போட்டார். துணியோடு நோய் சுமந்த தெள்ளுப்பூச்சிகளும் வந்திருந்தன என்பது இன்றைய விளக்கம். செப்டம்பர் 7 அன்று அவர் அடக்கம் செய்யப்பட்டார். அதே மாதத்தில் அந்த வீட்டுச் சிறுவன் எட்வர்டும் இறந்தான். பிறகு அண்டை வீடுகள். அந்த வீடுகள் இன்னும் ஆலயத்துக்கு அருகே இருக்கின்றன. யார் யார் அங்கே இறந்தார்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் நோய் சற்றுத் தணிந்தது. பிழைத்தோம் என்று ஊரார் மூச்சுவிட்டிருப்பார்கள். ஆனால் 1666 ஜூன் மாதத்தில் அது மறுபடியும் மூண்டது. ஓடிப்போகலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் எழுந்தது. பக்கத்தில் ஷெஃபீல்டு இருந்தது. சுற்றிலும் ஊர்கள் இருந்தன. வசதியுள்ள சிலர் முன்னமே போய்விட்டார்கள். மீதியானோரும் புறப்பட்டால் நோயும் அவர்களோடு புறப்படும்.

அப்போது அந்த ஆலயத்தின் குருவானவராயிருந்தவர் வில்லியம் மோம்பெசன். முப்பது வயதை எட்டாதவர். ஊருக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரை விட்டு ஒருவரும் வெளியேறக் கூடாது, வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வரக் கூடாது என்று சபையாரிடம் கேட்க வேண்டிய நிலை அவருக்கு நேரிட்டது. ஆனால் அவர் கேட்டால் ஊர் கேட்குமா? அதுதான் சிக்கல்.

பேசாதிருந்திருக்க வேண்டிய இருவர்

பிரியமானவர்களே, இங்கே நீங்கள் சற்று நிதானித்து வாசிக்க வேண்டுகிறேன். ஈம் கிராமத்தின் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகிற இடம் இது. எனக்கோ முழு வரலாறும் இந்த இடத்தில்தான் தொங்குகிறது.

மோம்பெசனுக்கு முன்பு ஈம் சபையில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர் தாமஸ் ஸ்டான்லி. அவர் தூய்மைவாதிகள் என்று அழைக்கப்பட்ட பியூரிட்டன் மரபைச் சேர்ந்தவர். 1662ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ளாத குருவானவர்கள் தங்கள் சபைகளைவிட்டு நீங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மனச்சாட்சியின் நிமித்தம் உடன்பட மறுத்து வேலையை இழந்தவர்கள் நாடெங்கும் ஏறத்தாழ 2,000 பேர். ஸ்டான்லியும் அவர்களுள் ஒருவர். ஆயினும் அவர் ஈம் கிராமத்தை விட்டுப் போகவில்லை. ஊராருள் பலர் அவரையே தங்கள் மேய்ப்பராக மனத்தில் வைத்திருந்தார்கள். அவர் இழந்த பீடத்தில்தான் மோம்பெசன் வந்து அமர்ந்தார்.

அதோடு முடியவில்லை. இவ்விதம் நீக்கப்பட்ட குருவானவர்கள், உரிய உறுதிமொழி அளிக்காவிட்டால், தாங்கள் முன்பு ஊழியம் செய்த ஊருக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வரக் கூடாது என்று 1665இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு வேலை போயிற்று. அந்த வேலையில் மற்றவர் இருக்கிறார். ஒருவரை ஊரைவிட்டே துரத்தும் சட்டம் மற்றவர் பக்கம் நிற்கிறது. ஆராதனை எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் இருவருக்கும் ஒப்புமை இல்லை. இவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் 1666 ஜூன் மாதத்தில் இருவரும் சேர்ந்தார்கள். சேர்ந்து சபையாருக்கு முன் நின்றார்கள். மூன்று காரியங்களில் சபை உடன்பட்டது. முதலாவது, இறந்தவர்களை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவராமல், அவரவர் குடும்பத்தாரே தங்கள் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்ய வேண்டும். இரண்டாவது, ஆலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில் திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று ஆராதிக்க வேண்டும். மூன்றாவது, ஊரின் எல்லையை ஒருவரும் தாண்டக் கூடாது.

பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லையில் உணவும் மருந்தும் வைத்துவிட்டுப் போனார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபுவும் உதவி அனுப்பினார். ஈம் மக்கள் அதற்கான காசை, குழி வெட்டிய எல்லைக் கல்லில் வினிகர் ஊற்றி அதற்குள் போட்டுவைத்தார்கள். அந்தக் கல் இன்றும் ஸ்டோனி மிடில்டன் என்னும் அடுத்த ஊருக்குப் போகும் பாதையில் கிடக்கிறது. அதன் குழிகளின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது. என் விரலை அதற்குள் விட்டுப் பார்த்தேன். அன்று அந்தக் கல்லுக்கு அப்பால் ஓர் அடி எடுத்துவைத்தால் உயிர் பிழைக்கலாம். அந்த ஓர் அடியை அவர்கள் வைக்கவில்லை.

பிளேக் நோய்க்குக் காரணமான கிருமி கண்டறியப்பட்டது 1894இல்தான். ஆகவே தாங்கள் செய்வது பலன் தருமா என்று அவர்களுக்குத் திட்டமாய்த் தெரியாது. தெரியாமலே நின்றார்கள். 1666 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது மொத்தம் 260 பேர் போயிருந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

மறைக்கக் கூடாத சில உண்மைகள்

பிரசங்க பீடத்திலிருந்து இந்த வரலாற்றைச் சொல்வது எளிது, அழகாகவும் இருக்கும். யோவான் 15:13ஐ வாசித்து, நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முழுவதையும் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்வது சாட்சி ஆகாது.

மோம்பெசன் தம்முடைய இரண்டு பிள்ளைகளையும் எல்லை மூடப்படுமுன்பே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். தம் பிள்ளைகள் பத்திரமாய் இருக்க, மற்றவர்களின் பிள்ளைகளை நோயோடு ஊருக்குள் நிறுத்தினார் என்று ஒருவர் அவரைக் குற்றப்படுத்தினால், என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. அப்படியே, ஏழைகளுக்குப் போக வேறிடம் இல்லாததால்தான் நின்றார்கள் என்று சொல்லுகிற வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. அதிலும் உண்மை இருக்கக்கூடும். எல்லாரும் மனமுவந்தா நின்றார்கள், அச்சத்தாலும் நின்றார்களா என்று நாம் இன்று அளந்து பார்க்க முடியாது.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் தம் மனைவி கேத்தரினையும் பிள்ளைகளோடு போகும்படி வற்புறுத்தினார். அந்த அம்மையார் போகவில்லை. கணவரோடு தங்கி, நோயுற்றோரைச் சந்தித்து வந்தார். 1666 ஆகஸ்ட் 25 அன்று, இருபதுகளைக் கடக்காத வயதில், அவரும் அந்த நோயால் இறந்தார். தாய் இறந்த செய்தியை மோம்பெசன் தம் பிள்ளைகளுக்குக் கடிதமாக எழுதினார். ஆலய முற்றத்தில், அந்தப் பழைய சிலுவைக்கு அருகே, கேத்தரினின் கல்லறை இருக்கிறது. என் மனைவி அதன் அருகே நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "நீங்கள் என்னைப் போகச் சொல்லியிருப்பீர்கள், நானும் போயிருக்க மாட்டேன்" என்றார். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

ஊருக்குக் கிழக்கே, வயல்களின் நடுவே, ரைலி என்னும் இடத்தில் சிறு வட்டச் சுவருக்குள் சில கல்லறைகள் உள்ளன. ஹான்காக் குடும்பத்தாருடையவை. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய் 1666 ஆகஸ்ட் தொடக்கத்தில், எட்டே நாள்களில், தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தாமே இழுத்துவந்து புதைத்தார். உதவிக்கு ஒருவரும் நெருங்கவில்லை. அடக்க ஆராதனை இல்லை, மணி அடிக்கவில்லை, தோள்கொடுக்க ஆள் இல்லை. பிற்பாடு அவர் ஷெஃபீல்டில் இருந்த தம் மகனிடம் போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள். நாங்கள் அன்று காலையில் புறப்பட்டு வந்த அதே ஊர்.

அந்தச் சுவரில் கை வைத்து நின்றபோது ஒன்று எனக்கு விளங்கிற்று. மேய்ப்பர்கள் எடுக்கும் தீர்மானங்களுக்கு உண்மையான விலை கொடுப்பவர்கள் எலிசபெத் ஹான்காக் போன்றவர்களே. அவர்களுடைய பெயர் எந்தப் பீடத்திலும் பொறிக்கப்படுவதில்லை. இரண்டு மேய்ப்பர்களும் ஒன்றாய் நின்றதால் அந்தத் தாயின் துக்கத்துக்கு ஒரு பொருளாவது இருந்தது; பக்கத்து ஊர்த் தாய்மாருக்கு அந்தத் துக்கம் வராதபடி அவர் நின்றார் என்று சொல்ல முடிகிறது. ஒருவர் "நில்லுங்கள்" என்றும், மற்றவர் "அவர் பேச்சைக் கேளாதீர்கள்" என்றும் சொல்லியிருந்தால்? பாதி ஊர் ஓடியிருக்கும். பாதி ஊர் நின்றிருக்கும். நின்றவர்களின் சாவும் வீணாயிருக்கும். மேய்ப்பர்கள் பிரிந்து நின்றால் அதன் தண்டத்தை மந்தையே செலுத்துகிறது.

பூட்டிய ஆலயம் சொல்லும் பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம்முடைய ஆலயமும் பூட்டப்பட்டதை நினைவுகூருங்கள். அது விசுவாசக் குறைவு என்று அன்று சிலர் முணுமுணுத்தீர்கள். உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் பாதி அப்படித்தான் எண்ணினேன். அரசாங்கம் சொன்னதால் பூட்டினேனேயன்றி, அன்பினால் பூட்டினேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஈம் சபையாரைப் பூட்டச் சொன்னது அரசாங்கம் அல்ல. அடுத்த ஊரில் இருந்த, முகம்கூடத் தெரியாத மனிதர்களுக்காகத் தங்கள் ஆலயக் கதவைத் தாங்களே சாத்தினார்கள். அந்தக் கதவைச் சாத்தியதும் ஓர் ஆராதனை என்றே நான் இப்போது நம்புகிறேன். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊரார் இன்றும் கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்குக்குச் சென்று நினைவு ஆராதனை நடத்துகிறார்கள்.

மத்தேயு 5:23, 24ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்த ஒருவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்பேரில் மனக்குறை உண்டென்று அங்கே நினைவுவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் கற்பிக்கிறார். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். ஆராதனையை நிறுத்திவிட்டுப் போ என்று நம் ஆண்டவர் சொன்ன இடம் அது. அதை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். நிறுத்திவிட்டுப் போனதில்லை.

இதில் நமக்கு இன்னொரு கடனும் உண்டு. மோம்பெசனின் ஆங்கிலிக்கன் மரபும், ஸ்டான்லி போன்ற நீக்கப்பட்டோரின் வழிவந்த மரபுகளும் பின்னாளில் தனித்தனி மிஷனெரிச் சங்கங்களாக நம் நாட்டுக்கு வந்தன. திருநெல்வேலியில் ஒரு மரபு வேரூன்றியது. நாகர்கோவில் பக்கத்தில் லண்டன் மிஷன் வழியாய் இன்னொன்று வேரூன்றியது. அவர்கள் நாட்டுச் சண்டை நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது எனலாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இந்த மரபுகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதாவது, மோம்பெசனின் பிள்ளைகளும் ஸ்டான்லியின் பிள்ளைகளும் ஒரே திருவிருந்துப் பந்தியில் அமர்ந்தது நம் மண்ணில். அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறோம். ஆனால் காகிதத்தில் ஒன்றான நாம் சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தால் என்ன ஆகிறோம்? ஒரே வரிசையில் உட்கார்ந்து, சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்தால் எதிர்ப்புறம் திரும்பிக்கொள்ளுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். யாரென்று நான் எழுத வேண்டியதில்லை.

என் பக்கத்துக் கணக்கு

ஆனால் உங்களைச் சொல்லுமுன் என்னைச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்பு இந்தச் சேகரத்தில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஐயா, ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். உங்களில் பலர், பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் முதலில் அவரிடம்தான் ஜெபிக்கப் போகிறீர்கள். வீடு பிரதிஷ்டைக்கு அவரையும் அழைக்கிறீர்கள். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது; தெரியாததுபோல நீங்கள் நடந்துகொண்டிருக்கலாம். முதல் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அவர் வீட்டுக்குப் போனேன். பிறகு போகவில்லை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போட்டபோது அவர் பெயர் விடுபட்டது. கமிட்டி மறந்துவிட்டது என்று சொன்னேன். கமிட்டி மறக்கவில்லை. அதில் என் பேனா ஓடியது.

ஈம் ஆலயத்தின் பின்வரிசை இருக்கையில் அமர்ந்து, ஸ்டான்லியைப் பற்றி அங்கே எழுதியிருந்ததை வாசித்தபோது என் மனக்கண்ணில் வந்த முகம் அவருடையது. மோம்பெசன் அந்த முதியவரின் கதவைத் தட்டிய நாளை நான் நினைத்துப் பார்த்தேன். யார் முதலில் போனார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. யாரோ ஒருவர் போயிருக்க வேண்டும். நோய் வந்தபின் போனார்கள். வருமுன்பே போயிருந்தால் இன்னும் நலம் அல்லவா?

ஊருக்கு வந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, நான் போனேன். கதவைத் திறந்தவர் அம்மா. உள்ளே ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு மாதமாக எழுந்து நடமாட முடியவில்லையாம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் எனக்கு அது தெரியாது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கல்லறையைத் தேடிப் போகத் தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை.

"வாங்க தம்பி, பிள்ளை சுகமா இருக்காளா?" என்றார். அவ்வளவுதான். நான் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொன்னேனா என்றால், இல்லை, பாதி சொன்னேன். மீதியை அவர் கையமர்த்தி நிறுத்தினார். வரும் பிரதிஷ்டைப் பண்டிகையில் திருவிருந்து ஆராதனையை என்னோடு சேர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் யோசிக்கட்டும். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. புறப்படுமுன் இருவரும் ஜெபித்தோம். இந்தப் பகுதியை எழுதும் முன் அவருக்கு வாசித்துக் காட்டி, அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, பழைய ஆலயங்களைப் பார்க்க நீங்கள் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. கல்லும் கண்ணாடியும் எத்தனை நூற்றாண்டு நின்றாலும், அவை சபை அல்ல. சபை எது என்பது ஒருநாள் எல்லைக்கல் அருகே தெரியவரும். பிறருக்காக நாம் நிற்க வேண்டிய நாள் வரும்; எப்போது வரும் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. அந்த நாளில் ஒன்றாய் நிற்க வேண்டுமானால், அதற்கு முன்பே ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். பகையோடு இருக்கும் சபையால் பட்டினி கிடக்க முடியும், உபவாசிக்க முடியாது. கூடிவர முடியும், கூடி நிற்க முடியாது.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருமுன், இந்த வாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். கதவு திறக்கலாம், திறக்காமலும் போகலாம். நீங்கள் போயிருக்க வேண்டும். போய்வர நேரமாகி ஆராதனைக்குத் தாமதமாக வந்தாலும், நான் உங்களை வரவேற்பேன்.

ஜெபம்

நல்ல மேய்ப்பரே, எங்களை விட்டு ஓடாமல் எங்களுக்காக ஜீவனைக் கொடுத்தவரே, உம்மைத் துதிக்கிறோம். ஈம் கிராமத்தில் பெயர் தெரிந்தும் தெரியாமலும் மரித்தவர்களின் சாட்சிக்காக நன்றி செலுத்துகிறோம். தனியே நின்று தம் பிள்ளைகளைப் புதைத்த தாய்மாரை நீர் மறக்கவில்லை என்று நம்புகிறோம். எங்களுக்குள் இருக்கும் பகையை, நாங்கள் அதற்குச் சூட்டியிருக்கும் நல்ல பெயர்களோடு சேர்த்து அகற்றிவிடும். தட்ட வேண்டிய கதவைத் தட்டும் தாழ்மையையும், தட்டப்படும்போது திறக்கும் இரக்கத்தையும் எங்களுக்குத் தாரும். நோயுற்றிருக்கும் உம் ஊழியரைத் தொட்டருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்